கப்பம் கட்டினால் கைப்பாவையா?

தங்கக் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தவித்து, குளியல் தொட்டியில் விடை கிடைத்ததும் ஆடையை மறந்து தெருவில் ஓடிய ஆர்க்கிமிடீஸின் கதை எல்லோருக்கும் தெரியும். தட்டான்மேல் சந்தேகப்பட்டு அந்தக் கேள்வியைக் கேட்ட அரசரை யாரும் பொருட்படுத்துவதில்லை. பள்ளிக்கூடக் கதையில் அவர் வெறும் ‘ஒரு ராஜா’. வரலாற்று நூல்களுக்கு வந்தால் அவருக்குப் பெயர் கிடைக்கிறது; கூடவே ஒரு முத்திரையும் விழுகிறது. சிசிலித் தீவின் சிராகூஸ் நகரை ஆண்ட இரண்டாம் ஹியரோன், ரோமாபுரிக்கு அடங்கிய சார்பு மன்னர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜோடு கைகோத்து ரோமை எதிர்த்தவர், அடி விழுந்ததும் கட்சி மாறினார். வெள்ளியைக் கொட்டி அரியணையைக் காப்பாற்றிக்கொண்டார். மீதிக் காலத்தை ரோமின் களஞ்சியக் கணக்குப்பிள்ளையாக ஓட்டினார். பரவலாக நிலவும் தீர்ப்பு இதுதான்.

தவறான தீர்ப்பு. இதை எழுதுகிறவர்கள் கி.மு. 263இல் ஹியரோன் செய்துகொண்ட உடன்படிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் ஆண்ட 48 ஆண்டுகளைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

சார்பு மன்னர் என்றதும் பலருடைய மனத்தில் எழும் உருவம் பித்தினியா நாட்டு அரசர் இரண்டாம் புருசியாஸினுடையது. கி.மு. 167இல் ரோமுக்கு வந்த அவர், செனட் சபையின் வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, உறுப்பினர்களைக் காக்கும் கடவுள்கள் என்று விளித்தார். அதற்கு முன்பே, தன் நாட்டுக்கு வந்த ரோமானியத் தூதர்களை மழித்த தலையோடும், விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் குல்லாயோடும் போய் வரவேற்றவர் அவர். வரலாற்றாசிரியர் பாலிபியஸ் இதையெல்லாம் முகம் சுளித்துக்கொண்டே பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது எந்தக் காலம்? முந்தைய ஆண்டுதான் பிட்னா போர்க்களத்தில் மாசிடோனியா நொறுங்கியிருந்தது. ரோமை எதிர்த்து நிற்க மத்தியதரைக்கடலில் ஆளில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தைய ஹியரோனின் உலகம் அப்படி இருக்கவில்லை. மேற்கே கார்த்தேஜ் கடலை ஆண்டது. ரோமுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு போர்க்கப்பற்படைகூட இன்னும் உருவாகவில்லை. புருசியாஸின் குல்லாயை ஹியரோனின் தலையில் மாட்டுவது காலக் குழப்பம்.

முதலில் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்கலாம். அரியணைக்கென்று பிறந்து வளர்ந்தவர் அல்லர், பாசறையில் உருவானவர். எபிரஸ் மன்னர் பிர்ரஸ் கி.மு. 276இல் சிசிலியைக் கைவிட்டுப் போன பிறகு, நகரத்தாரோடு பிணங்கி நின்ற சிராகூஸ் படை தானாகவே தளபதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒருவர் இந்த இளைஞர். ஊருக்குள் நுழைந்ததும் எதிராளிகளைப் பழிவாங்காமல் அரவணைத்தார். செல்வாக்கு மிக்க லெப்டினஸின் மகளை மணந்து நகரத்தில் காலூன்றினார். அடுத்து அவர் செய்த காரியத்தைப் படித்தால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அடிக்கடி கலகம் செய்துவந்த பழைய கூலிப்படையை எதிரிகள்மேல் அழைத்துப் போனார். கியமோசோரஸ் ஆற்றங்கரையில் குடிமக்கள் படையைத் தனியே தள்ளி நிறுத்திக்கொண்டு, கூலிப்படையை மட்டும் முன்னே அனுப்பினார். எதிரிகள் அவர்களை வெட்டித் தள்ளும்வரை காத்திருந்துவிட்டு, குடிமக்களோடு பத்திரமாக ஊர் திரும்பினார். பிறகு தனக்கு விசுவாசமான புதுப் படையைத் திரட்டினார்.

நல்லவர் என்று சொல்ல வரவில்லை. பிறர் ஆட்டுவித்தபடி ஆடுகிற பிறவி இல்லை என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

அந்த எதிரிகள் மாமர்டைன்கள்: மெசானா நகரின் ஆண்களைக் கொன்றும் விரட்டியும், பெண்களையும் நிலத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட கம்பேனியக் கூலிப்படையினர். லோங்கானஸ் ஆற்றுப் போரில் அவர்களை முறியடித்த பிறகுதான் ஹியரோன் அரசர் என்ற பட்டத்தைச் சூடினார். தோற்ற மாமர்டைன்களில் ஒரு தரப்பு கார்த்தேஜிடம் ஓடியது, இன்னொரு தரப்பு ரோமிடம் ஓடியது. கி.மு. 264இல் ரோம் கடல் கடந்து வந்தது இந்தக் கொள்ளைக்கூட்டத்துக்கு அடைக்கலம் கொடுக்கத்தான். முதல் பியூனிக் போர் இப்படித் தொடங்கியது.

ஹியரோன் அன்று கார்த்தேஜோடு சேர்ந்து மெசானாவை முற்றுகையிட்டிருந்தார். ரோமானியர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டு கான்சல்களும் நான்கு லீஜியன் படைகளோடு வந்து இறங்க, சிசிலி நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரோமின் பக்கம் சாய்ந்தன. கூட்டாளியான கார்த்தேஜின் உதவி வேண்டிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஹியரோன் சமாதானம் பேசினார்.

துரோகம் என்று கூவுகிறவர்கள் அதன் ஷரத்துகளை வரிசையாகப் படிக்க வேண்டும். பாலிபியஸ் கணக்குப்படி 100 தாலந்து வெள்ளி, அதாவது சுமார் 2,600 கிலோ. போர்க் கைதிகளை ஈட்டுப்பணம் வாங்காமல் விடுவிக்க வேண்டும். இவை கொடுத்தவை. கிடைத்தவை? சிராகூஸோடு அக்ராய், லியோன்டினி, மெகாரா, ஹெலோரம், நீட்டம், டாரோமீனியம் ஆகிய நகரங்களும் அவற்றின் வயல்களும் அவர் ஆட்சியிலேயே நின்றன. சிசிலியின் கிழக்குக் கரையில் கொழுத்த மண் அது. பதினைந்து ஆண்டுகளுக்கு என்று தொடங்கிய ஒப்பந்தம் கி.மு. 248இல் நிரந்தர நட்பாகப் புதுப்பிக்கப்பட்டபோது ஆண்டுக் கப்பமும் நின்றுபோனது. கி.மு. 241இல் தோற்ற கார்த்தேஜ் ரோமோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், ஹியரோன்மேல் படையெடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லி ஒரு ஷரத்து சேர்க்கப்பட்டது.

இந்தப் பேரத்தில் உண்மையான நஷ்டம் ஒன்று உண்டு. ஹியரோனைச் சாடுகிறவர்கள் அதைக் கையில் எடுக்காதது விந்தை. மெசானா போயிற்று. கொலைகாரர்கள் என்று அவர் சரியாகவே குற்றம் சாட்டிய மாமர்டைன்கள் ரோமின் நண்பர்களாக அங்கேயே நிலைத்தார்கள். அந்த அநியாயத்தை அவர் விழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் விழுங்காதவற்றின் பட்டியல் நீளமானது. சிராகூஸில் ரோமானியக் காவற்படை இல்லை. ரோமானிய அதிகாரி இல்லை. வரியை அவரே விதித்தார், அவரே வசூலித்தார். அவர் அச்சிட்ட வெள்ளிக் காசுகளில் அவருடைய முகமும், அரசி என்ற பட்டத்தோடு மனைவி பிலிஸ்டிஸின் முகமும் இருக்கின்றன. ரோமின் சின்னத்தை அவற்றில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மகன் கேலோனுக்குப் பெண் எடுத்தது பிர்ரஸின் குடும்பத்தில். ரோமைக் கதிகலக்கிய அதே பிர்ரஸ்! அந்த மருமகள் நெரெயிஸின் பெயரைச் சிராகூஸ் நாடக அரங்கின் சுவரில் இன்றும் படிக்கலாம்.

வெளியுறவுக்கு வருவோம். சார்பு மன்னர் என்ற முத்திரை முற்றாகக் கிழிவது இங்கேதான். முதல் பியூனிக் போர் முடிந்ததும் கார்த்தேஜின் கூலிப்படைகள் சம்பளப் பாக்கிக்காகக் கலகம் செய்தன. கி.மு. 241 முதல் மூன்றாண்டுக்கும் மேல் கார்த்தேஜ் சாவின் விளிம்பில் கிடந்தது. அப்போது அது கேட்டதையெல்லாம் கேட்ட மாத்திரத்தில் அனுப்பிவைத்தவர் ஹியரோன். ரோமின் ‘எடுபிடி’ ரோமின் பரம எதிரிக்கு மூச்சு கொடுத்தார். தொடக்கத்தில் ரோமும் கார்த்தேஜுக்கு இடைஞ்சல் செய்யவில்லை, வணிகர்களைப் போக அனுமதித்தது என்று ஒருவர் குறுக்கிடலாம். உண்மைதான். ஆனால் ஹியரோனின் காரணம் ரோமின் காரணம் அல்ல. கார்த்தேஜ் உயிரோடு இருந்தால்தான் சிசிலியில் தன் ஆட்சியும் நிலைக்கும், ரோமின் நட்பும் நிலைக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். போட்டியாளரே இல்லாத வல்லரசு நினைத்ததை எல்லாம் நினைத்தபடி முடித்துக்கொள்ளும்; அதன் நண்பனாக இருப்பதிலும் பயனிராது. இந்தக் கணக்கை விளக்கிவிட்டு, புத்திசாலித்தனமான முடிவு என்று பாராட்டுகிறவர் பாலிபியஸ். ரோமின் எழுச்சியை வியந்து நாற்பது புத்தகம் எழுதியவரின் பாராட்டு அது.

இரண்டு யானைகள் மோதும் காட்டில் இரண்டுமே உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்பிய மூன்றாம் ஆள் அவர். அந்த விருப்பத்துக்காகப் பணமும் செலவழித்தார்.

ரோட்ஸ் தீவைப் பாருங்கள். கி.மு. 227ஐ ஒட்டி வந்த நிலநடுக்கத்தில் புகழ்பெற்ற சூரியதேவன் சிலை சரிந்தது, மதில்களும் கப்பல் பட்டறைகளும் விழுந்தன. கிரேக்க உலகின் அரசர்கள் போட்டி போட்டு உதவினார்கள். ஹியரோனும் கேலோனும் கொடுத்த வெள்ளியின் மொத்த மதிப்பு 100 தாலந்து. சமாதானத்துக்காக ரோமுக்குக் கொடுத்த அதே தொகையை, நாற்பது ஆண்டுக்குள் தூரத்து நண்பர்களுக்கு நன்கொடையாக வீசும் நிலைக்குச் சிராகூஸ் வந்திருந்தது. அதோடு 50 கவண்பொறிகள். தங்கள் துறைமுகங்களில் ரோட்ஸ் கப்பல்களுக்குச் சுங்க விலக்கு. ரோட்ஸின் சந்தைத்துறையில், சிராகூஸ் மக்கள் ரோட்ஸ் மக்களுக்கு முடிசூட்டுவது போன்ற சிலையும் வைத்தார்கள். ஆயுத ஏற்றுமதியும் சுங்கக் கொள்கையும் தன் கையில் இல்லாத அரசரால் இதில் எதைச் செய்திருக்க முடியும்? ரோமின் அனுமதியைக் கேட்டதாகவும் எந்தப் பழைய ஆசிரியரும் எழுதவில்லை.

‘சிராகூசியா’ என்ற மாபெரும் கப்பலின் கதையும் இதே வகை. அறுபது போர்க்கப்பல் கட்டப் போதுமான மரம் எட்னா மலையிலிருந்து வந்ததாம். கொரிந்து நகரத்து ஆர்க்கியாஸ் கட்டினார், ஆர்க்கிமிடீஸ் மேற்பார்த்தார். உள்ளே தோட்டம், நூலகம், குளியலறை. தரையில் இலியத் காட்சிகள் பதித்த வண்ணக் கற்கள். கட்டி முடித்த பிறகுதான் பல துறைமுகங்களில் அது நுழையவே நுழையாது என்று தெரிந்தது. (ஆடம்பரத்துக்கு அறிவு எப்போதும் பின்னால்தான் வரும்.) ஆனாலும் ஹியரோன் அதை வீணாக்கவில்லை. எகிப்தில் தானியத் தட்டுப்பாடு வந்த நேரம் பார்த்து, சரக்கோடு தாலமி மன்னருக்குப் பரிசாக அனுப்பிவைத்தார். மத்தியதரைக்கடலின் மிகப் பெரிய பணக்காரருக்கே தானம் கொடுக்கும் தோரணை அது.

பணம் எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து. ஹியரோன் வேளாண்மை பற்றி நூல் எழுதியவர் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ குறிப்பிடுகிறார். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று அவர் வகுத்த வரிச் சட்டம் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. சிராகூஸ் வீழ்ந்த பிறகு ரோம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. சிசிலி முழுக்க அதைக் கடைப்பிடித்தது. இதைப் பிடித்துக்கொண்டு, சிசிலியை உறிஞ்சும் குழாயை ரோமுக்குச் செய்து கொடுத்தவரே ஹியரோன்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சாமர்த்தியமான வாதம். ஆனால் ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் சாட்சியம் அதற்கு நேர் எதிராக நிற்கிறது.

கி.மு. 70இல், சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரஸ்மீது சிசரோ வழக்கு நடத்தினார். ஹியரோனின் சட்டத்தை அவர் வருணிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. களத்திலோ கிடங்கிலோ விவசாயி ஒரு மணியைக்கூட ஒளிக்க முடியாது. அதேபோல வரி எடுக்கும் குத்தகைதாரரும் பத்தில் ஒன்றுக்கு மேல் ஒரு மணியைக்கூடப் பிடுங்க முடியாது. கடுமை இருபக்கமும் சமம். வெர்ரஸ் செய்த குற்றம் இந்தச் சட்டத்தை நடத்தியது அல்ல, அதைக் குப்பையில் போட்டது. குத்தகைதாரர் கேட்கும் அளவைக் கொடுத்தே தீர வேண்டும் என்று தன் ஆணையால் மாற்றினார். விளைவு: லியோன்டினி வயல்களில் 84 ஆக இருந்த சாகுபடிதாரர்கள் மூன்றாண்டில் 32 ஆகக் குறைந்தார்கள். லியோன்டினி ஒரு காலத்தில் ஹியரோனின் மண். அவர் இறந்து 145 ஆண்டு கழிந்தும் சிசிலி விவசாயிகள் நீதிமன்றத்தில் கேட்டது அவருடைய சட்டத்தைத்தான்.

இனி ஹியரோன் பணிந்தார் என்பதற்குக் காட்டப்படும் முக்கியச் சான்று. கி.மு. 217இல் திராசிமேனோ ஏரிக்கரையில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமானியப் படையை அழித்தார். அடுத்த ஆண்டு ஹியரோனின் கப்பல்கள் ஓஸ்தியா துறைமுகத்துக்கு வந்தன: 3,00,000 மோடியஸ் கோதுமை (சுமார் 2,000 டன்), 2,00,000 மோடியஸ் வாற்கோதுமை, வில்லாளிகளும் கவணெறிவோருமாக 1,000 பேர், கூடவே 200 பவுண்டுக்கு மேல் எடையுள்ள தங்கத்தாலான வெற்றித் தேவதை. காக்கை பிடித்தல் என்று இதைக் கடந்துவிடுவது எளிது. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியதை முழுதாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஹியரோனின் தூதர்கள் செனட்டுக்கு யோசனையும் சொன்னார்கள்: சிசிலியில் உள்ள உங்கள் தளபதியை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புங்கள், எதிரிக்குத் தன் வீட்டிலேயே வேலை வையுங்கள் என்று. செனட் அதை ஏற்று, உசிதம்போலக் கடல் கடக்கலாம் என்று தளபதி ஒட்டாசிலியஸுக்கு அனுமதி கொடுத்தது. 12 ஆண்டு கழித்து அதே சிசிலியிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுத்தான் ரோமானியத் தளபதி சிப்பியோ அந்தப் போரை வென்றார்.

ரோம் மறுபடியும் ஹன்னிபாலிடம் தோற்ற கன்னே போருக்குப் பிறகு நிலைமை இன்னும் தெளிவானது. ஒட்டாசிலியஸ் தன் வீரர்களுக்குச் சம்பளமும் தானியமும் கேட்டு ரோமுக்கு எழுதினார். ரோம் கையை விரித்தது, நீயே பார்த்துக்கொள் என்றது. அவர் போய் நின்ற இடம் ஹியரோனின் வாசல். சம்பளத்துக்கு வேண்டிய வெள்ளியும் ஆறு மாதத்துக்கான தானியமும் அங்கே கிடைத்தன. இதே சமயத்தில் கார்த்தேஜின் கப்பற்படை ஹியரோனின் கரையோரத்தைக் கொள்ளையிட்டுக்கொண்டிருந்தது. ரோமின் கப்பல்களால் உதவிக்கு வர முடியவில்லை. காப்பாற்ற வேண்டிய புரவலர் கடன் கேட்கிறார், காக்கப்பட வேண்டியவர் கொடுக்கிறார். இந்த உறவில் யார் யாரைச் சார்ந்திருந்தார்கள்?

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. தந்தையின் கொள்கையை வெறுத்து கார்த்தேஜ் பக்கம் சாய முற்பட்ட கேலோன் திடீரென இறந்துபோனதாக லிவி எழுதுகிறார். சாவு அத்தனை வசதியான நேரத்தில் வந்ததால் தந்தையின்மேலேயே சந்தேகம் விழுந்ததாம். பாலிபியஸோ கேலோனைத் தந்தை சொல் தட்டாத மகன் என்று புகழ்கிறார். எது சரியென்றாலும், ரோமோடு நிற்பதா வேண்டாமா என்ற கேள்வி சிராகூஸ் அரண்மனையில் உயிரோடு இருந்தது என்பது உறுதி. முடிவு ரோமில் எடுக்கப்படவில்லை.

ஹியரோனின் பெரிய தவறு கடைசியில் நடந்தது. தொண்ணூறு வயதை எட்டிய நிலையில், அரியணையைச் சிறுவனிடம் விடாமல் நகரத்தைக் குடியரசாக்கிவிட விரும்பினார். மகள்கள் குறுக்கே நின்றார்கள், கிழவர் இசைந்துவிட்டார். கி.மு. 215இல் அவர் கண்மூட, 15 வயதுப் பேரன் ஹியரோனிமஸ் அரசனானான். தாத்தா 54 ஆண்டுகள் சாதாரணக் குடிமகனின் உடையில் ஆண்டவர். ஒரு குடிமகனைக்கூடக் கொல்லாமல், நாடு கடத்தாமல் ஆண்டார் என்று பாலிபியஸ் சான்று தருகிறார். பேரன் ஊதா உடையும் மணிமுடியும் அணிந்து, வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேரில் வெளியே வந்தான். ரோமானியத் தூதர்களிடம், கன்னே போரில் என்னதான் நடந்தது என்று நக்கலாகக் கேட்டான். கார்த்தேஜிடம் முதலில் பாதிச் சிசிலியைக் கேட்டான், பிறகு முழுச் சிசிலியையும் கேட்டான். அவனுடைய காதில் ஓதிக்கொண்டிருந்த ஹிப்போகிரட்டிஸும் எபிசைடிஸும் ஹன்னிபால் அனுப்பிய ஆட்கள். கைப்பாவையைத் தேடுகிறவர்கள் இந்தப் பையனிடம் தேடலாம்.

அவன் ஆட்சி 13 மாதம். லியோன்டினியில் குத்திக் கொன்றார்கள். அதன் பின் வெறிபிடித்த கும்பல் ஹியரோனின் மகள்களையும் பேத்திகளையும்கூட விட்டுவைக்கவில்லை. நகரம் ஹன்னிபாலின் ஆட்கள் கையில் விழ, கி.மு. 213இல் ரோமானியத் தளபதி மார்செல்லஸ் முற்றுகையிட்டார்.

மதிலிலிருந்து பாறைகள் பறந்தன; இரும்புக் கொக்கிகள் ரோமானியக் கப்பல்களை முனையைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தன. ஆர்க்கிமிடீஸின் அற்புதம் என்று இதைக் கொண்டாடுகிறோம். அந்தப் பொறிகளைச் செய்யச் சொன்னது யார்? ஹியரோன். கணிதத்தில் மூழ்கியிருந்தவரை இயந்திரங்களின் பக்கம் திருப்பியவர் அவரே என்று கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் சொல்கிறார். பல ஆண்டுகள் அக்கறையோடு செலவு செய்து மதிலில் அவற்றை நிறுத்தியதும் அவரே என்று லிவி சொல்கிறார். ரோமோடு நட்புப் பாராட்டிக்கொண்டே, ரோமானியப் படையை ஓராண்டுக்கும் மேல் தடுத்து நிறுத்தக்கூடிய கோட்டையை அவர் தயாராக வைத்திருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை அதைப் பயன்படுத்த வேண்டிய நாள் வரவில்லை.

கி.மு. 212இல் நகரம் வீழ்ந்தது. ஆர்க்கிமிடீஸ் ஒரு ரோமானிய வீரனின் வாளுக்கு இரையானார். கார்த்தேஜையே பிடித்திருந்தாலும் இவ்வளவு கொள்ளை கிடைத்திருக்காது என்னும் அளவுக்குச் செல்வம் அள்ளிச் செல்லப்பட்டது. அந்தச் செல்வம் ஹியரோனின் ‘அடிமைத்தனத்தில்’ சேர்ந்தது. ஆர்ட்டீஜியாத் தீவில் இருந்த அவருடைய அரண்மனை ரோமானிய ஆளுநரின் இருப்பிடமானது. சிசரோவின் காலத்திலும் ஆளுநர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள்.